ஆளைக் குறைப்பதா லீன்? கொழும்பிலிருந்து சில கேள்விகள்

லீன் என்றாலே ஆட்குறைப்புத்தானே ஐயா? (அச்சகம், கொட்டாஞ்சேனை)

ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதற்கு லீன் என்று பெயர் வைத்தவர்களால் வந்த பேச்சு அது. லீன் என்பது வேலையில் வீணாகப் போவதைக் களையும் முறை; டொயோட்டா கார் கம்பனியிலிருந்து வந்தது. அங்கே அதை வளர்த்த தாயிச்சி ஓனோ வீண் என்று சொன்னவை ஏழு: மிகை உற்பத்தி, காத்திருப்பு, சாமானை இடம் மாற்றுவது, வேண்டாத வேலை, தேங்கிய இருப்பு, வீண் அசைவு, பழுது. இதில் ஆள் எங்கே இருக்கிறது? ஒரு கல்யாண அழைப்பிதழ் ஓர்டர் எங்கெங்கே சும்மா கிடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அச்சடிக்கும் நேரத்தைவிட புரூஃபுக்கு ஓகே வரும்வரை கிடக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

பின்னேரம் ரோல்ஸும் பற்றிஸும் மிஞ்சுகின்றன. குறைத்தால் ஆபீஸ் விட்டு வருபவர்களுக்கு இல்லை. (வெள்ளவத்தை)

எல்லாவற்றையும் மத்தியானமே பொரித்து அடுக்குகிறீர்களா அக்கா? உருட்டி, தூள் பிரட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு ட்ரே போதும். ஒன்று காலியானதும் அந்த வெறும் ட்ரே குசினிக்குப் போகட்டும். அது வந்தால்தான் அடுத்த ட்ரே அளவு பொரிக்க வேண்டும். வாய்ச்சொல் எதுவும் தேவையில்லை. கன்பான் என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான். ஓனோவுக்கும் இந்த யோசனை அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டைப் பார்த்து வந்ததுதான்: வாங்கியவர் எடுத்த அளவுக்குத்தான் தட்டு திரும்ப நிரம்பும்.

தையல் லைனில் ரிட்டர்ன் கூடிவிட்டது. இன்னும் இரண்டு செக்கர் போடட்டுமா? (சூப்பர்வைசர், இரத்மலானை)

வேண்டாம் தங்கச்சி. செக்கர் பழுதைக் கண்டுபிடிப்பார், தடுக்க மாட்டார். கொலர் பிழைத்தது எப்போது தெரிகிறது? கட்டு முழுவதும் தைத்து முடிந்து அடுத்த மெஷினுக்குப் போன பிறகு. கட்டைச் சிறிதாக்குங்கள், இரண்டாவது துண்டிலேயே பிடிபடும். 1924இல் டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சக்கிச்சி டொயோடாவின் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றது. பழுதான துணியை நெய்துகொண்டு போவதைவிட நிற்பது லாபம் என்பதுதான் கணக்கு. உங்கள் பிள்ளைகளுக்கும் மெஷினை நிறுத்திக் கை தூக்கும் உரிமை வேண்டும். கை தூக்கிய பிள்ளையை டார்கெட் போச்சென்று ஒரு தடவை ஏசினீர்களோ, அதோடு சரி, பிறகு யாரும் தூக்க மாட்டார்கள்.

ஃபைவ் எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) போஸ்டர் ஒட்டியும் ஸ்டோர் பழையபடிதான்.

போஸ்டரை விடுங்கள். தினமும் தேடுகிற சாமான் எது? அதற்கு மட்டும் முதலில் ஓர் இடம் குறித்துக் கொடுங்கள்.

2022இல் டொலர் இல்லாமல் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் பத்திரம்) திறக்க முடியாமல் தவித்தோம். ஸ்டொக் வைத்திருந்தவன் தப்பினான். நீங்களோ இருப்பைக் குறைக்கச் சொல்கிறீர்கள். (ஹார்ட்வெயார், புறக்கோட்டை)

நியாயமான கேள்வி. டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான கார் சிப்களைக் கையிருப்பில் வைக்கும்படி தனக்குச் சப்ளை செய்பவர்களிடம் கேட்டது. எனவே கப்பலில் வருகிற, கட்டாயம் விற்கிற சாமானைத் தாராளமாக வையுங்கள். ஆனால் முதலாளி, ஸ்டோரின் பின்பக்கம் தூசி படிந்து கிடக்கும் பழைய டிசைன் டைல்ஸ் எந்த நெருக்கடிக்கும் உதவாது. அதை விலைக்கழிவு போட்டு விற்றுத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் ஓடுகிற வயரையும் பைப்பையும் எடுங்கள்.