ஆஸ்பத்திரில டயக்னோசிஸ் எழுதுறதும் கோட் போடுறதும் பிழைக்காம இருக்க என்ன செய்யலாம்?

நான் திருகோணமலைப் பக்கம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரில ரெக்கோட் ரூம்ல வேலை. டொக்டர் எழுதுற டயக்னோசிஸுக்கு, அதாவது என்ன நோய் எண்ட முடிவுக்கு, அதுக்குரிய குறியீட்டப் போடுறதத்தான் கோட் போடுறது எண்டுறம். கோட் போடுற ஆக்களுக்கு ட்ரெய்னிங் குடுங்க, புது சொப்ட்வெயார் போடுங்க எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க, அதுவும் வேணும்தான், ஆனா முக்கால்வாசிப் பிழை வார்ட்லயே நடந்து முடிஞ்சுதான் எங்கட மேசைக்கு வருது.

காய்ச்சல் எண்டு வந்த ஆளுட டிக்கட்டுக்குள்ள (வார்ட்ல நோயாளிக்கு எழுதுற பதிவேடு) டெங்கு அன்டிஜன் பொசிடிவ், பிளேட்லெட் இறங்கின கணக்கு, சேலைன் சார்ட் எல்லாம் கிடக்கும், ஆனா டிஸ்சார்ஜ் நேரம் இன்டர்ன் டொக்டர் அவசரத்தில வெறும் 'வைரல் ஃபீவர்' எண்டு எழுதியிருப்பார். அது டெங்கு எண்டு எங்களுக்கு வடிவாத் தெரியும். எண்டாலும் லேப் ரிப்போட்டப் பாத்து நாங்களா நோயைத் தீர்மானிக்கேலாது, எழுதினதுக்குத்தான் கோட், ஐசிடி-10 எண்ட டபிள்யூஎச்ஓ நோய்க் கோட் பட்டியல்ல பி34.9 எண்டு என்ன வைரஸ் எண்டே சொல்லாத ஒரு கோட்டோட அந்த ஆள் ஐஎம்எம்ஆர் கணக்கில (வார்ட்ல தங்கின ஆக்களுட நோய், இறப்புக் கணக்கு) சுகாதார அமைச்சுக்குப் போயிடுவார். 2017ல டெங்கில எங்கட மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாடு இங்க எல்லாருக்கும் தெரியும், அப்பிடியிருந்தும் இப்பிடி.

இன்னொண்டு, சந்தேகமான நோய்க்கு முன்னால போடுற கேள்விக்குறி. கடைசி வரைக்கும் உறுதியாகாட்டி '? டெங்கு' எண்டு விடாம 'காய்ச்சல், காரணம் தெரியேல்ல' எண்டு நேரா எழுதச் சொல்லித்தான் டபிள்யூஎச்ஓ புத்தகமும் சொல்லுது, அதுக்கும் ஆர்50.9 எண்டு கோட் இருக்கு.

சுருக்கெழுத்து அதவிட மோசம். வீதி விபத்துக்கு 'ஆர்டிஏ' எண்டு மட்டும் எழுதினா என்ன செய்யிறது? எந்த எலும்பு உடைஞ்சது, மோட்டார் சைக்கிளா ஆட்டோவா, ஓட்டினவரா பின்னால இருந்தவரா, எதில மோதினது எண்டு இல்லாம காயத்துக்கும் சரியான கோட் போடேலாது, விபத்துக்கும் போடேலாது. (சிறுநீரக வருத்தம் ஒண்டுக்கும் அதே மூண்டு எழுத்துத்தான்!) இலங்கையில ஆக்கள் வார்ட்ல அட்மிட் ஆகிறதுக்கு முதல் காரணமே காயங்கள்தான், அதில இந்த நிலைமை.

அமெரிக்காவில கோட்டப் பாத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் காசு, அதால அங்க டொக்டரத் துரத்தித் துரத்திக் கேக்க ஆள் வச்சிருக்காங்க. இங்க இலவச வைத்தியம், கோட் பிழைச்சா ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாங்க. என்னைக் கேட்டா இதுதான் அடிப்படை வருத்தம்.

நான் செய்யச் சொல்றது சின்ன விசயம். டயக்னோசிஸ் இல்லாத, சுருக்கெழுத்தில வந்த டிக்கட்ட வாங்கி அடுக்காம அண்டைக்கே வார்டுக்குத் திருப்பி அனுப்புங்க, ஒரு கிழமை போனா அந்த டொக்டருக்கு நோயாளிட முகமே ஞாபகம் இருக்காது. கேக்கேக்க 'இது டெங்குதானே சேர்' எண்டு வாயில ஊட்டக்கூடாது, 'பிளேட்லெட் இறங்கியிருக்கு, கடைசி டயக்னோசிஸ் என்ன?' எண்டு கேளுங்க. புது இன்டர்ன் பட்ச் வந்த கிழமையே அரை மணித்தியாலம் வாங்கி, அவங்கட வார்டில பிழைச்ச டிக்கட் நாலஞ்ச பேர மறைச்சுக் காட்டுங்க. கன்சல்டன்டும் அந்த நேரம் பக்கத்தில இருந்தா அடுத்த நாளே எழுத்து மாறும்.