சென்னையில் சிறு தொழிற்கூடத்துக்கு வெப்சைட் போட ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 85,000 கேட்கிறார். யாரை நம்புவது?

அம்பத்தூர் எஸ்டேட், கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங், கேஸ்கெட் தயாரிப்பு, கையில் இரண்டு கொட்டேஷன். கேள்வியில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஏற்கெனவே ஒரு டொமைன் (இணைய முகவரி) இருக்கும், அதில் கம்பெனி மெயில் ஓடிக்கொண்டிருக்கும், பழைய வெப்சைட்டைச் செய்துகொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. தவறாக ஊகித்திருந்தால் கமென்ட்டில் திருத்துங்கள்.

இரண்டு விலையும் நியாயமாக இருக்கலாம், இரண்டும் ஏமாற்றாகவும் இருக்கலாம். 8,000 ரூபாயில் டொமைனுக்கு ஆயிரத்தை ஒட்டிப் போகும், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு, அதாவது பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வர் இடத்துக்கு, இரண்டு மூவாயிரம் போகும். மிச்சப் பணத்துக்கு ஒருவர் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் உட்காருவார். வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இலவச தீம் (தயார் டிசைன்) ஏற்றி, உங்கள் லோகோவையும் விசிட்டிங் கார்டில் உள்ளதையும் அதில் ஒட்டித் தர அந்த நேரம் போதும். 85,000 கேட்பவரும் பெரும்பாலும் அதே வேர்ட்பிரஸ்தான் போடுவார். அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். 'பிரீமியம் டிசைன்' என்று மட்டும் பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

முதலில் டொமைன். யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். "எங்க பேனல்லயே போட்டுத் தர்றோம் சார், உங்களுக்கு டென்ஷன் இல்லை" என்பார்கள். வேண்டாம். ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் விற்கும் நிறுவனத்திடம், நீங்களே கணக்கு தொடங்கி, உங்கள் பணத்தில் வாங்குங்கள். ஓடிபி முதலாளி நம்பருக்கு வரட்டும். அக்கவுன்டன்ட் நம்பரைக் கொடுத்தால் அவர் வேலையை விட்டுப் போகும்போது இதுவும் கூடவே போய்விடும். அந்தக் கணக்குக்கு ஜிமெயில் மாதிரி வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள். கம்பெனி டொமைன் மெயிலையே கொடுத்திருந்தால், டொமைன் காலாவதியாகும்போது அந்த மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் வந்து சேர வழியே இருக்காது. டாட் காம் காலாவதியானால் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரம் வழக்கமான விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் தாண்டினால் 30 நாள் ரிடெம்ஷன் (மீட்டெடுக்கும் காலம்), அதற்குப் பல மடங்கு கட்டணம். அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் வருட ஆஃபர் விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

புது வெப்சைட்டை ஏற்றும் நாளில்தான் கம்பெனி மெயில் நிற்கும். ஹோஸ்டிங் மாற்றுகிறவர், டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வரையே மொத்தமாக மாற்றிவிடுவார். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் பழைய இடத்தில் இருந்திருக்கும், அவை புது இடத்தில் இருக்காது. வெப்சைட் பளிச்சென்று திறக்கும், பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும் வராது. அனுப்பியவருக்கு மெயில் திரும்பிப் போவதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால் யாருக்கும் உடனே தெரியவும் செய்யாது. மெயிலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு வெப்சைட்டை மட்டும் மாற்ற, வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றினால் பெரும்பாலும் போதும். முந்தின நாளே அதன் டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற இடங்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதை) 300 நொடிக்குக் குறைத்துவிட்டால், ஏதாவது தப்பானால் சில நிமிடங்களில் பழையபடி திருப்பிவிடலாம். இந்த ரெக்கார்டுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள எல்லா வரிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கை வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது. என் கணக்கில் 85,000-இல் பாதியாவது இதற்குப் போக வேண்டும். 'நாங்கள் தரமான ரப்பர் பொருட்களின் முன்னணி தயாரிப்பாளர்கள்' என்ற வரி அம்பத்தூரில் பாதி வெப்சைட்டில் இருக்கிறது. அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். பர்ச்சேஸில் இருப்பவர் 'வைட்டான் ஓ-ரிங் 50க்கு 3' என்று தேடுவார் (வைட்டான் ஒரு வகை ரப்பர், எண்கள் உள்விட்டமும் தடிமனும்). அதனால் ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் ஒரு பக்கம் வேண்டும். வைட்டான் பக்கம் என்றால் அதில் உள்விட்டம், கம்பித் தடிமன் இரண்டும் மில்லிமீட்டரில், கடினம் ஷோர் ஏ அளவில் 70-ஆ 80-ஆ என்பது, தாங்கும் வெப்பம் சுமார் 200 டிகிரி, எந்த எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் ஆகும், எதற்கு ஆகாது, ஏஎஸ்568 (ஓ-ரிங்குக்கான அமெரிக்கத் தரநிலை) சைஸ் நம்பர், ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் குறியீடு 401693, குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை, அச்சு கைவசம் இருந்தால் எத்தனை நாளில் கிடைக்கும், புது அச்சு என்றால் எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஈபிடிஎம் ரப்பர் பக்கத்தில் 'தண்ணீர், நீராவிக்கு நல்லது. மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும், அதற்கு நைட்ரைல் வாங்குங்கள்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். தப்பான மெட்டீரியலை ஆர்டர் செய்துவிட்டு ரிட்டர்ன் கேட்கிறவர்கள் குறைவார்கள். இதை எந்த டெவலப்பராலும் எழுத முடியாது. உங்கள் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல ஒருவர் உட்கார்ந்து எழுதியெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் அனுப்புவாரா என்று 85,000 காரரிடம் கேளுங்கள். "கன்டென்ட் நீங்க கொடுத்துடுங்க சார்" என்றால் அந்த விலைக்கு நியாயமில்லை.

இந்த விவரங்கள் எல்லாம் கேட்டலாக் பிடிஎஃப்பில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 25 எம்பி பிடிஎஃப்பை போனில் இறக்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, எட்டாம் பக்கத்து டேபிளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பிடிஎஃப் கூடவே இருக்கட்டும், விவரம் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கட்டும்.

படங்கள். நல்ல போன் போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், வெள்ளை சார்ட் பேப்பரில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ வெர்னியரோ தெரிகிற மாதிரி எடுங்கள். போனிலிருந்து அப்படியே ஏற்றினால் ஒரு படமே 4 எம்பி இருக்கும். அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) ஃபார்மட்டில் சேமித்தால் 150 கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் தளத்தின் புரோகிராம் கோடில் (code) எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது கீழே உள்ளதெல்லாம் நகர்ந்து, போன் நம்பரைத் தொடப் போன விரல் வேறெங்கோ படும். பக்கத்தின் உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கு மட்டும் லேஸி லோடிங் (திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை) போடக்கூடாது. எல்லாப் படத்துக்கும் போட்டுவிடும் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) இருக்கின்றன, அதனாலேயே முதல் படம் தாமதமாகிறது. நான்கு படம் ஓடும் ஸ்லைடர் வேண்டவே வேண்டாம். இரண்டாவது படம் வருவதற்குள் வந்தவர் கீழே போயிருப்பார்.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவு: முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் அசைய வேண்டும், நகர்வு மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக்கூடாது. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற சோதனைத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்சிக்காரர்கள் 98 மார்க் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், உற்றுப் பார்த்தால் அது டெஸ்க்டாப் மார்க்காக இருக்கும். மொபைல் மார்க்கைக் கேளுங்கள். உங்களைப் போல ஆள் வரத்து குறைவான தளத்துக்கு நிஜப் பயனர் கணக்கு அதில் வராது, செயற்கையாக ஓட்டிப் பார்க்கும் லேப் சோதனையை மட்டும்தான் பார்க்க முடியும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு தடவை போய் வரவும் 200 மில்லிசெகண்டுக்கு மேல் கழியும். மும்பை அல்லது சென்னை சர்வராகக் கேட்டு வாங்குங்கள்.

இனி என்கொயரி ஃபார்ம். ஒழுங்காக வேலை செய்யாத ஃபார்ம்தான் அதிகம், அது வேலை செய்யவில்லை என்று முதலாளிக்குத் தெரிவதில்லை. ஃபார்மை நிரப்பியவரின் மெயில் முகவரியையே 'ஃப்ரம்' இடத்தில் போட்டு அனுப்பும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் சர்வர் இன்னொருவர் பெயரில் மெயில் அனுப்புகிற மாதிரி ஆகிவிடுவதால் ஸ்பேமில் விழும், இல்லை வரவே வராது. 'ஃப்ரம்' இடத்தில் உங்கள் டொமைன் முகவரியும் 'ரிப்ளை டூ' இடத்தில் அவர் முகவரியும் இருக்க வேண்டும். மெயில் கணக்கில் நுழைந்து முறையாக அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்ப வேண்டும், மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும். கடைசித் தவணை கொடுக்கும் முன் வேறொரு போனிலிருந்து ஃபார்மை நிரப்பி, வந்த மெயிலை ஜிமெயிலில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் நேராக பாஸ் என்று இருந்தால் சரி. வந்த என்கொயரி தளத்தின் டேட்டாபேஸிலும் ஒரு காப்பி பதிவாகட்டும். வாட்ஸ்அப் பட்டன் போட்டால் லிங்க்கில் 91, அதோடு பத்து இலக்கம். கூட்டல் குறி, பூஜ்யம், இடைவெளி எதுவும் வேண்டாம்.

'நம்ம ஊர் பார்ட்டிக்குத் தமிழ்ப் பக்கம் வேண்டாமா' என்று கேட்பீர்கள். கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்கள் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள், அதனால் உங்களுக்கு ஒன்றிரண்டு தமிழ்ப் பக்கம் போதும், ஆனால் ஒழுங்காக இருக்க வேண்டும். பிரின்டிங் பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்த பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட் எழுத்தை ஏற்றினால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடில் அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஃபான்ட், வரி உயரம் 1.7 அளவுக்கு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ்ச் சொல் அடங்காது, 360 பிக்சல் அகலத் திரையில் திறந்து பாருங்கள்.

இங்கே கொஞ்சம் கேள்வியை விட்டு வெளியே போகிறேன். 8,000 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது தெரியுமா? சில இடங்களில் ஃபைனல் இயர் பிள்ளைகளிடம் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட்டுக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு, அவர்களையே உட்கார வைத்து கிளையன்ட் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. பிள்ளைகள் கட்டின பணம் ஒரு பக்கம், நீங்கள் கட்டின பணம் ஒரு பக்கம். செமஸ்டர் முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள், உங்கள் தளத்தின் அட்மின் பாஸ்வேர்டு அவர்கள் லேப்டாப்பில் இருக்கும். காலேஜ்காரர்கள் சர்டிஃபிகேட்டை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வதோடு சரி. நேர்மையாக 8,000 ரூபாய்க்குச் செய்துதரும் தனி ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், பிளகின் இரண்டையும் திருட்டு காப்பியாகப் போடுகிறார்களா என்று பாருங்கள், லைசென்ஸ் ரசீது கேட்டால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காப்பிகள் பலவற்றில் ஹேக்கர் நுழையப் பின்வாசல் வைத்திருப்பார்கள். சில மாதம் கழித்து உங்கள் ஓ-ரிங் தளத்தைக் கூகுளில் தேடினால் சூதாட்ட விளம்பரம் வரும். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக வருடக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், ஹோஸ்டிங்கில் சரியாக அமைத்தால் காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எல்லாச் சான்றிதழ்களின் ஆயுளையும் 2029-க்குள் 47 நாளாகக் குறைக்கப் போகிறார்கள், கையால் புதுப்பிக்கிற வழக்கம் இனி கட்டிவராது. பேக்கப் அதே சர்வரில் மட்டும் இருந்தால் சர்வர் போனால் அதுவும் போகும். மாதம் ஒரு காப்பி உங்கள் டிரைவுக்கு வரட்டும்.

"கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ் கேரன்டி" என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை (கூகுள் மேப்பிலும் தேடலிலும் வரும் கம்பெனி விவரம்) உங்கள் ஜிமெயிலில் நீங்களே தொடங்குங்கள், ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள், ஓனராக நீங்கள் இருங்கள். அதிலேயே இலவச வெப்சைட் கிடைக்கும் என்று பழைய யூடியூப் வீடியோக்கள் சொல்லும். 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள்.

ஆன்லைன் பேமென்ட், ஷாப்பிங் கார்ட் எல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். போட்டால் ரீஃபண்ட், ஷிப்பிங் பாலிசி இல்லாமல் பேமென்ட் கேட்வேக்காரர் அப்ரூவல் தரமாட்டார். 2020-ஆம் வருட இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர்க்கும் அதிகாரி பெயரும் போட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. ஓ-ரிங்குக்கு கொட்டேஷன் கேட்கும் பட்டனே போதும்.

நான் 85,000 காரருக்கு ஆள் பிடிக்கிறேன் என்று எழுதப் போகிறவர்களுக்கு: மேலே சொன்ன டொமைனையும் பிசினஸ் ப்ரொஃபைலையும் நீங்களே முடித்து, பத்துப் பக்கத்துக்கு விவரமும் நீங்களே எழுதிக் கொடுத்தால், தளத்தைக் கட்டுவதற்கு மட்டும் 20,000 முதல் 30,000 வரை கொடுத்தால் போதும் என்பது என் கணக்கு. விக்ஸ் (Wix) என்ற வெப்சைட் கட்டும் சேவையில் நானே செய்துகொள்ளலாமா என்றால் தாராளமாகச் செய்யலாம். அங்கே செய்த தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்குத் தூக்கிப் போக முடியாது, அதனால் டொமைனை மட்டும் விக்ஸில் வாங்காமல் வெளியே வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். எழுதும் விவரங்களை வேர்டு ஃபைலாகவும் தனியே வைத்திருங்கள்.