மருந்து கொடுத்தும் காய்ச்சல் மறுபடி ஏறுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. நேற்று முன்தினம் இரவிலிருந்து காய்ச்சல். 103 வரை போகிறது. பாரசிட்டமால் கொடுத்தால் 101-க்கு இறங்குகிறது, நாலைந்து மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு வைரஸ் காய்ச்சல்தான், தானாகச் சரியாகும் என்றார். ஆனால் இரவெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். வலிப்பு வந்துவிடுமோ, மூளையைப் பாதித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இடையில் வேறு மருந்தும் கொடுக்கலாமா? எப்போது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பதில்: 103-லிருந்து 101-க்கு இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். 98.6-க்கு வந்தால்தான் மருந்து கேட்டது என்று நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள். வராதபோது அவசரப்பட்டு இன்னொரு வேளை கொடுத்துவிடுகிறார்கள். பாரசிட்டமால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் தீர்ந்துவிடும். அது கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல. கிருமியோடு உடம்பு போராடி முடிக்கும்வரை காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். குழந்தையின் உடம்புவலியும் அசதியும் குறைந்து, கொஞ்சம் குடிக்கவும் தூங்கவும் உதவுவதற்காகத்தான் மருந்து. அதனால், அயர்ந்து தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். 102 இருந்தாலும் விளையாடுகிறாள், பால் குடிக்கிறாள் என்றால் மருந்தே கொடுக்காமல் விடலாம்.

மூளை பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமியால் வரும் காய்ச்சலில் உடம்பின் சூட்டை ஏற்றுவதே மூளைதான். அதற்கு ஓர் எல்லையும் வைத்துக்கொள்கிறது. இந்தக் காய்ச்சல் 106-ஐத் தாண்டுவது மிக அபூர்வம். மூடிய காருக்குள்ளோ கடும் வெயிலிலோ மாட்டிக்கொண்ட குழந்தைக்கு ஏறும் சூடு வேறு வகை, அது உண்மையிலேயே ஆபத்து. உங்கள் மகளுக்கு இருப்பது அது இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது மருந்தின் அளவைப் பற்றித்தான். ஒருமுறை ஒரு தாய் என் மேசையில் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சொட்டு மருந்து, இன்னொன்று சிரப். இரண்டும் பாரசிட்டமால், இரண்டுக்கும் ஒரே நிறம். சொட்டு மருந்தோடு வந்த உறிஞ்சுகுழல் தொலைந்துபோனதால் சிரப் மூடியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். ஒரு மி.லி. சொட்டு மருந்தில் 100 மி.கி. இருந்தது, சிரப்பில் 5 மி.லி.க்கே 125 மி.கி.தான். அவர் நினைத்ததைவிட நான்கு மடங்கு மருந்து குழந்தைக்குள் போயிருந்தது. ஒரு வேளையோடு தெரிந்துகொண்டதால் தப்பித்தோம். இப்படி நாள் கணக்கில் போனால் கல்லீரல் கெட்டுவிடும்.

அதனால் இத்தனை வயதுக்கு இத்தனை ஸ்பூன் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பாரசிட்டமாலை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. உங்கள் மகளின் 11 கிலோவுக்கு அதிகபட்சம் 165 மி.கி. அடுத்து புட்டியின் லேபிளைப் பாருங்கள். 5 மி.லி.யில் 250 மி.கி. என்று இருந்தால் 3.3 மி.லி. போதும். 125 மி.கி. என்று இருந்தால் 6.6 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.6 மி.லி.தான். ஒரே குழந்தை, ஒரே மருந்து, ஆனால் மூன்று அளவு. சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அதில் அளந்து கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். அப்புறம் ஒன்று: சளி, இருமல் மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

இடையில் வேறு மருந்து வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஐபுபுரூஃபன் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தைப் பாரசிட்டமாலோடு மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது, பாதித் தூக்கத்தில் எது எப்போது கொடுத்தோம் என்று குழம்பிவிடும். குழந்தை சரியாக நீர் குடிக்காதபோது அது சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சலுக்காகக் கொடுக்கக் கூடாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் வைரஸ் காய்ச்சலுக்குப் பயன்படாது.

ஈரத்துணியால் துடைப்பது அவசியமில்லை. குளிர்ந்த நீரை வைத்தால் குழந்தை நடுங்கும், நடுங்கினால் சூடு இன்னும் ஏறும். மெல்லிய உடை போட்டு, காற்று வரவிட்டால் போதும். குளிரில் கைகால் சில்லிட்டு நடுங்கும்போது மட்டும் லேசாகப் போர்த்துங்கள். நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள்.

வலிப்பு பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளையையும் பாதிப்பதில்லை. முன்கூட்டியே மருந்து கொடுத்து அதைத் தடுக்கவும் முடியாது. ஆகவே தடுக்கவில்லையே என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வந்துவிட்டால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ். அதற்குள் நின்றாலும் முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, எப்போது மறுபடி போவது? நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைவிட மூச்சை எண்ணுவது அதிகம் சொல்லும். அவள் தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிடம் டைமர் வையுங்கள். வயிறு ஒருமுறை எழுந்து இறங்கினால் ஒன்று. முழு நிமிடமும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்தக் கணக்கு 50, இரண்டு மாதத்துக்குள் 60. காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் சூடு இறங்கியபின் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அப்போதும் அதிகமாக இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்வாங்குகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அடுத்தது சிறுநீர். எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் உலர்ந்திருக்கிறது என்றால் நீர் வற்றுகிறது. ஒரே நேரத்தில் நிறையக் குடிக்க மாட்டாள், அதனால் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, தோலின் மேல் கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், இவற்றில் எதற்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று நாள் தாண்டிக் காய்ச்சல் நீடித்தாலோ, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத் திரும்ப வந்தாலோ மறுபடி காட்ட வேண்டும். டெங்கு இருக்கும் இடங்களில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் அதிகம் தேவை: சூடு தணிந்தும் குழந்தை சோர்ந்துபோய் வயிற்றுவலி என்று அழுதால் அன்றே போங்கள்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், மேலே சொன்ன பொறுமை அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. 100.4 தொட்டாலே நேராக ஆஸ்பத்திரிதான், டாக்டர் பார்க்கும் முன் மருந்து வேண்டாம்.

இன்று இரவு ஒரு தாளை எடுத்து அவள் எடை, மருந்து கொடுத்த நேரம், எத்தனை மி.லி., எத்தனை முறை சிறுநீர் போனாள், மூச்சு எத்தனை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். டாக்டரிடம் போக வேண்டி வந்தால் அந்தத் தாளையும் மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.