மாலை கழற்றிய பிறகு

கேள்வி: என் கணவர் தறி ஓட்டுகிறார். தினமும் குடி. கார்த்திகையில் மாலை போட்டால் மட்டும் கழற்றும் வரை சொட்டுகூடத் தொடுவதில்லை. அப்படியானால் இது நோய் இல்லை, திமிர்தானே? இந்த வருஷம் காலையில் எழுந்தால் கை வேறு நடுங்குகிறது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதாம், வாங்கலாமா?
- ஒரு வாசகி, பள்ளிபாளையம்

பதில்: வாங்காதீங்க அம்மணி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்ல மாட்டார். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைப் பொடித்ததாகக்கூட இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் மது முழுதாகச் செரிக்காமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகத் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைக்கும்கூட இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் டாக்டர்கள் அதை விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கொடுக்கிறார்கள். திருட்டுத்தனமாகக் கலந்தது என்றைக்காவது தெரியவரும், அதற்கப்புறம் அவர் உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிப்பாரா?

சரி, திமிர் விஷயத்துக்கு வருவோம். மாலை போட்ட நாட்களில் அவர் ஒண்டியாகவா குடிக்காமல் இருந்தார்? விடியும் முன்னே குளியல், சாயங்காலம் பூஜை, கூடவே விரதம் இருக்கும் நாலு பேர், வீட்டில் தனிச் சமையல். தினமும் கட்டிங்குக்குக் கூப்பிடுகிற கூட்டாளிகூட அந்த நாட்களில் கிட்டே வருவதில்லை, நேற்று வரை குடிகாரன் என்றவர்கள் எல்லாம் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். ஊரே சேர்ந்து அவரைக் காவல் காத்தது. மாலையைக் கழற்றிய அன்றைக்கு இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது, வாரச் சம்பளமும் பழைய கூட்டாளியும் பழைய வழியும்தான் மிச்சம். குடியை நிறுத்தியவர்களில் திரும்பக் குடிப்பவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் சறுக்குகிறார்கள். ஆக, உங்கள் கணவரால் முடியாது என்று அந்த விரதம் காட்டவில்லை, எதெல்லாம் கூட இருந்தால் முடியும் என்றுதான் காட்டியிருக்கிறது.

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குடியிலிருந்து வெளியே வந்தார்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன், நாளைக்கு வந்து இதையே சொல்வேன், அவ்வளவுதான் அங்கே உறுதிமொழி. குலசாமி முன்னால் சூடம் அடித்து ஆயுசுக்கும் சத்தியம் வாங்குகிறோமே, அதைவிட இது தாங்கும் என்பது என் அபிப்பிராயம். தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணமும் கிடையாது.

ஆனால் இந்தக் கார்த்திகைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். அந்தக் காலை நடுக்கம் அதுதான். இப்படி நடுங்குகிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்த்துப் பேசுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்று முற்றலாம். இதைச் சாமி குத்தம், காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கோட்டைவிட்டு ஆளை இழந்த குடும்பங்கள் உண்டு. போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் வேண்டாம், போன வருஷம் இந்த நடுக்கம் இல்லை. மாலை போடுவதற்கு முன்பே பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நாமக்கல்லிலோ கோவையிலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். அப்புறம் குடிக்கத் தூண்டும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. மனநலப் பிரிவா, எனக்கென்ன பைத்தியமா என்று அவர் முறுக்கிக்கொண்டால், போதை மீட்புக்கான இலவச எண் 14446-க்கு முதலில் நீங்களே பேசுங்கள். அவர் போதையில் இருக்கும்போது எதையும் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள்.

உங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கடனை அடைக்க உங்கள் சீட்டுப் பணத்தை எடுக்காதீர்கள், முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள். அவர் குடிப்பது உங்களால் அல்ல, அதை மூடி மறைப்பதும் உங்கள் வேலை அல்ல.

மலைக்குப் போய் வந்த பிறகு வருகிற முதல் சம்பள நாளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அவரோடு மாலை போட்ட குருசாமியோ, உங்கள் அண்ணனோ, யாராவது ஒருவர் தறிக்குடோன் வாசலில் நின்று அவரை வீடு வரை கூட்டி வரட்டும். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும்.