ரசீதில் பறவையின் பெயர் இருக்கிறதா? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கடையில் லவ் பேர்ட்ஸ் ஜோடி 500 ரூபாய் என்றார்கள். தஞ்சாவூரில் மற்றொரு கடையில் அதே லவ் பேர்ட்ஸ் ஜோடிக்கு 3,000 ரூபாய் கேட்டார்கள். இருவரில் யார் ஏமாற்றுகிறார்கள்?
– வாசகர், சுவாமிமலை

பதில்: இருவருமே ஏமாற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது, அவர்கள் காட்டியவை வெவ்வேறு பறவைகளாக இருந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று பல்லாண்டுகளாக விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜி எனப்படும் சிறு கிளி. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளி. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற பிறகே உலகெங்கும் கூண்டுப் பறவையாகப் பரவியது. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஒன்பது இனங்கள். எட்டு ஆப்பிரிக்க நிலப்பரப்பைச் சேர்ந்தவை, ஒன்று மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. கடைக்காரர்கள் இவற்றை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று பிரித்துச் சொல்வார்கள்.

அடையாளம் காண்பது எளிது. பட்ஜிக்கு வால் நீளம், உடல் ஒல்லி, முதுகிலும் சிறகிலும் அலை அலையான கறுப்பு வரிகள். ஆப்பிரிக்கப் பறவைக்கு வால் குட்டை, தலை பெரிது, அலகு கனம். கடித்தால் விரலில் இரத்தம் வரும். குரலும் கீச்சென்று உரத்து ஒலிக்கும், ஆகவே சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்து வீட்டில் வளர்க்க நினைப்பவர் முதலில் பக்கத்து வீட்டாரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விலையை விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆப்பிரிக்க இனங்களில் இளஞ்சிவப்பு முகம் கொண்டதற்கும், பட்ஜிக்கும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் (சைட்டிஸ்) கட்டுப்பாடு இல்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர், மாஸ்க்டு போன்ற இனங்கள் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படியும், 2024இல் வந்த விதிகளின்படியும், இத்தகைய பறவையை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். “லவ் பேர்ட்ஸ் – 1 ஜோடி” என்று மட்டும் எழுதிய ரசீது இங்கே உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. இனத்தின் பெயர், நிறம், கால் வளையம் இருந்தால் அதன் எண் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது.

கேள்வி: லவ் பேர்ட்ஸுக்குப் பதிலாக ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கலாமா? திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகி, திருவையாறு

பதில்: கூடாது. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப்பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் மேலே சொன்ன சட்டத்தின்படி குற்றம். சாயம் பூசி “கலர் குருவி” என்று விற்கப்படும் சில்லைகளும் அவ்வாறே. ரசீது வாங்கினாலும் இதில் பயன் இல்லை.

கேள்வி: மன்னார்குடியில் ஒரு கடையில் ஒரு ஜோடி பட்ஜி வாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்று கூண்டின் அடியில் இறந்து கிடந்தது. “உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, விற்றதைத் திரும்பப் பெற மாட்டோம்” என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: அச்சிட்ட வாசகம் சட்டத்துக்கு மேலானது அன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். ஆனால் இங்கே “குறையுள்ள” என்ற சொல்லைக் கவனியுங்கள். பறவை விற்கும்போதே நோயுற்றிருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், அதற்கு உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இறந்த பறவையைப் புதைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். செய்திருக்க வேண்டியது வேறு. உடலைப் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து (பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும்) ஒரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று பிரேதப் பரிசோதனை கேட்டிருக்க வேண்டும். நம் பகுதியில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய நோய் என்று மருத்துவர் எழுதித் தந்தால் அந்த ஒரு தாள் பத்து வாக்குவாதங்களுக்குச் சமம்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப்பறவை மூன்று நாளில் இறப்பதற்குக் கடை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. வெயிலில் பைக்கின் முன்புறம் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருக்கலாம். கடையில் தின்ற தீவனம் வேறு, வீட்டில் வைத்த தீவனம் வேறு என்பதால் அது பட்டினி கிடந்திருக்கலாம். டெஃப்லான் பூசிய தவாவை அடுப்பில் அளவுக்கு மீறிக் காயவிட்டால் எழும் புகை சில நிமிடங்களில் கிளிகளைக் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகையும் அவற்றின் நுரையீரலுக்கு ஆகாது. இவை எதுவும் இல்லை என்று உங்களுக்கு உறுதியானால், கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. 500 ரூபாய்ப் பறவைக்காகத் திருவாரூருக்குப் பலமுறை பேருந்து ஏற வேண்டுமா என்பது உங்கள் முடிவு; நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1915 வரை போய் நிறுத்திக்கொள்வேன்.

அந்தக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னவுடன் பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஆண், பெண் என்று சொல்லித்தான் ஒரு ஜோடி வாங்கினோம். எட்டு மாதமாகப் பானை கட்டியும் முட்டை இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, சீர்காழி

பதில்: பட்ஜியாக இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல், வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவோ வெளிறிய வெண்மையாகவோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் ஆணுக்கும் அது இளஞ்சிவப்பாகவே இருந்துவிடுவதால் குழப்பம் வரும். நெற்றியில் வரிகள் மூக்குவரை இறங்கியிருந்தால் அது மூன்று, நான்கு மாதம் ஆகாத குஞ்சு. அந்த வயதில் ஆண், பெண் என்று அடித்துச் சொல்லும் கடைக்காரரின் சொல்லைப் பாதிதான் நம்பலாம்.

ஆப்பிரிக்கப் பறவையாக இருந்தால், கடைகளில் பரவலாக விற்கும் இனங்களில் வெளித்தோற்றத்தை வைத்து ஆண், பெண் பிரிக்க முடியாது. இறகை வைத்துச் செய்யும் மரபணுச் சோதனை ஒன்றே உறுதியான வழி. சான்று இல்லாமல் “ஜோடி” என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால், இரண்டு பறவைகளின் விலையை மட்டுமே கொடுங்கள். இரண்டு பெண்கள் ஒன்றோடொன்று கொஞ்சிக்கொண்டு கூடியிருப்பதும் உண்டு, ஆகவே அலகோடு அலகு உரசுவதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. அதையே போட்டு வளர்க்கலாமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் தனிக் கவனம் வேண்டுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நெல்லைத் தின்னும், ஆனால் அதுவே உணவாகிவிடக் கூடாது. தினை, சாமை, கம்பு கலந்து கொடுங்கள். தானியம் மட்டுமே தின்னும் பறவைக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து மூச்சுக்குழாய் நோய்கள் வரும் என்பதால் முருங்கைக்கீரையும் கொத்தமல்லியும் துருவிய கேரட்டும் அன்றாடம் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடைக்காரர் பொட்டலத்தில் விற்பதும், நாகப்பட்டினம், வேதாரண்யம் கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓடும் ஒன்றுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். கரையில் பொறுக்கியதானால் நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவைத்து உப்பெடுத்துக் காயவைக்க வேண்டும்.

விவசாய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: நாற்றங்காலுக்குப் போக மீந்த விதைநெல்லை ஒருபோதும் போடாதீர்கள். அதில் கார்பென்டசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லி கலந்திருக்கும். மருந்தடித்த வயலின் வரப்புக் கீரையும் அப்படியே.

கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பறவை உமியை அங்கேயே உதிர்த்துவிட்டு அரிசியை மட்டும் தின்னும். மேலே தெரிவது வெறும் உமியாக இருக்க, அடியில் ஒரு மணியும் இல்லாமல் பறவை பட்டினி கிடக்கும். இதற்கு முறம் வேண்டாம், தினமும் ஒருமுறை வாயால் ஊதிவிட்டாலே போதும்.

மழைக்காலத்தில் ஆபத்து குளிரை விட ஈரத்தால்தான் அதிகம். ஈரம் ஏறிய தானியத்தில் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மக்கிய வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். கூண்டைத் திண்ணையில் சாரல் அடிக்கும் பக்கம் வைக்காமல், மூன்று பக்கமும் துணியால் மூடி ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். பானையை இந்த மாதங்களில் எடுத்துவிடுங்கள். பானை இருக்கும்வரை பட்ஜி ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டை என்று இட்டுக்கொண்டே இருக்கும், அதில் பெட்டை நலிந்துவிடும். பகலில் சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.