ஆப்பிரிக்கச் சுகாதார நிலையத்தில் கணினி வைப்பது: கேள்வி பதில்

கே (பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி): 2012-இல் உகாண்டா அரசு டிஜிட்டல் சுகாதாரத் திட்டங்களை நிறுத்தி வைத்ததாமே? உதவ வந்தவர்களை ஏன் தடுக்க வேண்டும்?

ப: நிரந்தரத் தடை இல்லை. அமைச்சகத்தின் ஒப்புதல் கிடைக்கும்வரை எதுவும் நடக்கக்கூடாது என்று அந்த ஜனவரியில் உத்தரவு வந்தது. அதற்கு முன் மலேரியாவுக்குப் பணம் தருபவர் ஒரு செயலி கொண்டுவருவார், எச்ஐவிக்குத் தருபவர் இன்னொன்று, தாய்சேய் நலத்துக்கு மூன்றாவது. ஒன்றின் தரவு மற்றதற்குப் போகாது. ஒரே கர்ப்பிணியின் பெயரை ஒரே செவிலியர் மூன்று இடத்தில் பதிந்துவிட்டு, காகிதப் பதிவேட்டிலும் எழுதுவார். இரண்டு வருடத்தில் நிதி முடிந்தால் செயலி நின்றுவிடும், அதிலிருந்த தரவும் அதோடு போகும். சோதனைத் திட்டமாகவே (பைலட்) பெருகி நின்றுபோகும் இந்த வியாதிக்கு இத்துறையில் 'பைலட்டைட்டிஸ்' என்றே பெயர். உத்தரவு கடுமைதான், ஆனால் சரி என்பது என் கட்சி.

கே (கோவை, ஜாவா நிரலாளர்): டிஹெச்ஐஎஸ்2 இலவச மென்பொருள்தானே சார்? பிறகு எதற்குக் கோடிக்கணக்கில் பட்ஜெட்?

ப: உரிமக் கட்டணம் மட்டும்தான் இலவசம். சுகாதார நிலையங்களின் எண்ணிக்கைகளைத் தொகுக்கும் இந்த மென்பொருள், நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் முளைத்தது. ஓஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தது. கென்யா 2011-இல் நாடு முழுவதையும் ஒரே மைய சர்வரில் கொண்டுவந்தது. அங்கிருந்துதான் செலவு தொடங்கும்: சர்வர், பேக்கப், மாவட்ட அலுவலகத்தின் டேட்டா கட்டணம், தரவை ஏற்றும் பதிவாளர் மாற்றலாகிப் போகும்போதெல்லாம் புதியவருக்குப் பயிற்சி. டேப்லெட்டுக்கு மூன்று வருட ஆயுள் என்று வையுங்கள். 900 டேப்லெட் கொடுத்தால் வருடத்துக்கு 300 புதிதாக வாங்கப் பணம் வேண்டும். பல திட்ட அறிக்கைகளில் முதல் வருடக் கொள்முதல் மட்டுமே இருக்கும்.

பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

கே: ஒரு மாவட்டத்தில் தடுப்பூசி 118 சதவீதம் என்று காட்டுகிறது. மென்பொருள் பிழையா?

ப: பெரும்பாலும் இல்லை. முதலில் பகுதி எண்ணை, அதாவது சதவீதம் காண வகுக்கும் எண்ணைப் பாருங்கள். பத்து வருடம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிட்ட குழந்தைகளின் எண்ணிக்கை அது. உண்மையில் குழந்தைகள் கூடுதலாக இருக்கலாம். அடுத்து, பக்கத்து மாவட்டத் தாய்மார்கள் சந்தை நாளில் இங்கே வந்து ஊசி போட்டுப் போகிறார்களா என்று கேளுங்கள். மூன்றாவது, நடமாடும் முகாமின் எண்ணிக்கையை முகாமும் நிலையமும் தனித்தனியே ஏற்றியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. டிஹெச்ஐஎஸ்2, பூஜ்யத்தை இயல்பாகச் சேமிப்பதில்லை. 'இந்த மாதம் மலேரியா மரணம் 0' என்று செவிலியர் பொறுப்பாக இட்டாலும், அறிக்கையே வராத நிலையத்தைப் போல அந்தக் கட்டம் வெறுமையாகத் தெரியும். மரணம், மருந்துத் தட்டுப்பாடு, நோய்ப்பரவல் ஆகிய உருப்படிகளுக்கு மட்டும் பூஜ்யத்தைச் சேமிக்கும் அமைப்பை இயக்குங்கள். எல்லாவற்றுக்கும் இயக்கினால் தரவுத்தளம் வீங்கிவிடும்.

சோதனைக்கு: பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) மூன்றாம் தவணை முதல் தவணையை மிஞ்சக்கூடாது. சின்ன நிலையத்தில் ஒரு மாதம் மிஞ்சுவது சகஜம், ஆகவே வருட மொத்தத்தில் பாருங்கள். பிறகு நேரில் போய் மூன்று மாதப் பதிவேட்டைக் கையால் எண்ணி, அந்த எண்ணைக் கணினியிலுள்ள எண்ணால் வகுங்கள். விடை 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் இருந்தால் நம்பலாம். வெளியே போனால் நிலையத்தின் மாதாந்தரப் படிவத்தையும் எடுத்துப் பார்த்து, பிழை எழுதும்போது நடந்ததா, ஏற்றும்போது நடந்ததா என்று பிரியுங்கள்.

கே: ஸ்மார்ட்போன் இருக்கும் காலத்தில் இன்னும் குறுஞ்செய்தியா?

ப: ஏளனம் வேண்டாம். 2009-இல் தான்சானியாவில் மூன்று மாவட்டங்கள், 129 நிலையங்கள், 21 வாரம். வாரம் ஒருமுறை குறுஞ்செய்தி கேள்வி கேட்கும். செவிலியர் மலேரியா மருந்து இருப்பை எண்ணிப் பதில் அனுப்புவார். பதிலுக்குச் செலவில்லை, நேரத்துக்கு அனுப்பினால் கொஞ்சம் டாக்டைமும் கிடைக்கும். ஏதாவது ஒரு மலேரியா மருந்தாவது தீர்ந்துபோயிருந்த நிலையங்கள் 78 சதவீதத்திலிருந்து 26 ஆக இறங்கின. ஆனால் தகவல் தெரிந்தாலும் மருந்தை நகர்த்த மாவட்ட அலுவலகத்தில் வண்டியும் டீசலும் இருந்தால்தான் இது பலிக்கும்.

அமைக்கும்போது மூன்று பொறிகள். ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எழுத்தில் 70 மட்டும். தமிழில் அனுப்பினாலும் இதே கதைதான். நீண்டால் இரண்டு செய்தியாகப் பிரியும், செலவு இரட்டிக்கும். இரண்டு, சுவாஹிலி பேசுவோரும் எத்தியோப்பியரும் நாளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள்; நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. 'நாளை 3 மணிக்கு வாருங்கள்' என்று அனுப்பினால் தாய் காலை 9 மணிக்கு வந்து நிற்பாள். 'காலை', 'மாலை' என்ற சொல்லை உள்ளூர் மொழியில் சேர்த்து, அவர்கள் கணக்கிலேயே எழுதுங்கள். மூன்று, எத்தியோப்பிய நாட்காட்டிக்கு 13 மாதம்; ஆண்டு எண் நம்முடையதைவிட 7 அல்லது 8 குறைவு. கிரிகோரியன் தேதி மட்டும் ஏற்கும் செயலியில் செவிலியர் மனக்கணக்காக மாற்றி இடுவார், குழந்தையின் வயது தப்பாகும்.

கே (மலாவிக்குப் போகவிருப்பவர்): மின்சாரம் இல்லாத நிலையத்துக்கு எவ்வளவு சோலார்?

ப: கணக்குப் போடுவோம். சின்ன சர்வர் 15 வாட், 24 மணி நேரம்: 360 வாட்-மணி. ரவுட்டர் 8 வாட்: 192. நான்கு டேப்லெட், தலைக்கு 25: 100. மொத்தம் சுமார் 650. இழப்புக்காக 0.7-ஆல் வகுத்தால் 930. மழைக்காலத்தில் நல்ல வெயில் நாலரை மணி நேரம் என்று வைத்தால் 207 வாட் வரும், 300 வாட் பேனல் போடுங்கள். வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்க 1,300 வாட்-மணி சேமிப்பு வேண்டும்: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி போதும். லெட்-ஆசிடைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் அதில் 220 வேண்டும்.

பேட்டரி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கணக்கில் வராத சுமை: ஊழியர்களின் போன், தொலைக்காட்சி, யாரோ ஒருவரின் முடிவெட்டும் மிஷின். திட்டினால் நிற்காது. போன் சார்ஜுக்குத் தனியாக ஒரு சின்ன பேனலும் யுஎஸ்பி முனைகளும் கொடுத்துவிட்டு, சர்வர் இணைப்பைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

கே: எச்ஐவி நோயாளிக்கு மருந்து நினைவூட்டல் அனுப்பலாமா?

ப: ஒப்புதல் வாங்கி அனுப்பலாம். செய்தியில் நோயின் பெயர், மருந்தின் பெயர், கிளினிக்கின் பெயர் மூன்றும் வரக்கூடாது. அனுப்புநர் பெயரும் காட்டிக்கொடுக்கக்கூடாது. 'இந்த போன் உங்களுடையதா, வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள்?' என்று பதியும்போதே கேளுங்கள். கணவரின் போன் என்றால் விட்டுவிடுங்கள். பயன்படுத்தாத சிம் எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிடும், அதனால் ஒவ்வொரு வருகையிலும் எண்ணைச் சரிபாருங்கள். கென்யாவிலும் உகாண்டாவிலும் 2019-இலிருந்து, ருவாண்டாவில் 2021-இலிருந்து தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 'அங்கெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்' என்று போகாதீர்கள்.

கே: இலங்கைக்கு இதில் பங்கு உண்டா?

ப: உண்டு. 2020 ஜனவரியில் விமான நிலையப் பயணிகளைக் கண்காணிக்க இலங்கைக் குழு டிஹெச்ஐஎஸ்2-இல் ஒரு கொரோனாத் தொகுதியைக் கட்டியது. அதையொட்டி வந்த பொது வடிவத்தைப் பல ஆப்பிரிக்க நாடுகள் எடுத்துக்கொண்டன.

கே: செயற்கை நுண்ணறிவு?

ப: மேலே உள்ள பூஜ்யப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கே (தொண்டு நிறுவன ஊழியர்): அமைச்சகம் கொள்கை எழுத உதவி கேட்கிறது. எதில் தொடங்குவது?

ப: நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒரே குறியீட்டுப் பட்டியலில். திறந்தது, மூடியது, பெயர் மாறியது எல்லாவற்றையும் மாதாமாதம் திருத்த ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இது இல்லாமல் நோயாளி எண், தரவுப் பரிமாற்றம் எதுவும் நிற்காது.

பிறகு கொடையாளர் ஒப்பந்தத்துக்கு மூன்று நிபந்தனை: சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் முதல் நாளிலிருந்து அமைச்சகத்தின் கையிலும் இருக்க வேண்டும், புதிதாக ஒரு படிவம் வந்தால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும், மூன்றாம் வருடத்திலிருந்து பதிவாளர் சம்பளத்தில் ஒரு பங்கு அரசு பட்ஜெட்டில் ஏற வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் முதலில் வீட்டுக்குப் போனவர்களில் பதிவாளர்களும் உண்டு. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, தரவை ஏற்ற ஆள் இல்லை. அதனால் மூன்றாவது நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.