விமானப்படையில் 20 வருடம் முடித்து வருகிறேன், மதுரை ஏர்போர்ட்டில் வேலை கிடைக்குமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவு, அடுத்த வருடம் டிஸ்சார்ஜ், சொந்த ஊர் மதுரைப் பக்கம், வீட்டில் எல்லோரும் "ஏர்போர்ட் பக்கத்துலதானே இருக்கு, உனக்கு இல்லாத வேலையா" என்கிறார்களாம். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2016-இல் திருமங்கலத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் அப்பா இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்ட மாதிரியே சொன்னார்.

முதலில் கேள்விக்குப் பதில். வேலை கிடைக்கலாம். ஆனால் அது ஸ்பானர் பிடிக்கிற வேலையாக இருக்காது. மதுரை ஏர்போர்ட் இருக்கும் பெருங்குடிக்கு விமானம் வரும், ஆளை இறக்கும், ஏற்றும், கிளம்பிப் போய்விடும். பிரித்துப் பார்க்கிற பெரிய பராமரிப்பெல்லாம் ஹைதராபாத், நாக்பூர், ஓசூர், திருவனந்தபுரம் என்று வெளியூர் ஹேங்கர்களில்தான். இங்கே நிற்கிற நேரத்தில் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓரிரண்டு பேர் போதும். அந்தக் கையெழுத்துக்கு லைசென்ஸ் வேண்டும். மற்றபடி பெட்டி ஏற்றி இறக்கும் இடத்தில் சூப்பர்வைசர், கேட்டில் செக்யூரிட்டி. அதையெல்லாம் மட்டமாகச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நீங்கள் அதற்காகவா 20 வருடம் விமானத்தோடு மல்லுக்கட்டினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். 1996-இல் 19 வயதில் சேர்ந்தேன். பெல்காம் சாம்ப்ராவில் அடிப்படைப் பயிற்சி, தாம்பரத்தில் ட்ரேடு பயிற்சி, என்ஜின் ஃபிட்டர். சர்வீஸில் பாதிக்கு மேல் ஏஎன்-32 என்ற ப்ரொப்பெல்லர் சரக்கு விமானத்தோடுதான். அதன் என்ஜின் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஜோர்ஹாட்டில் விடிகாலை நாலு மணிக்குப் பனி ஊறிய ஏணியில் ஏறி கௌலிங், அதாவது என்ஜின் மூடியைத் திறந்தவனுக்குத்தான் அது எவ்வளவு உயரம் என்று தெரியும். அங்கிருந்து கிளம்பி மெச்சுக்கா மாதிரி அருணாசல மலை இடுக்குகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் இறக்கிவிட்டு வருகிற விமானம் அது. 2008-இல் லடாக்கில் 16,000 அடிக்கு மேலே இருக்கும் தௌலத் பேக் ஓல்டியில், 43 வருடம் சும்மா கிடந்த ஓடுதளத்தில் போய் இறங்கியதும் ஏஎன்-32தான். அந்த விமானத்தில் நான் கை வைக்கவில்லை. ஆனாலும் செய்தி வந்த அன்று எங்கள் செக்‌ஷனில் லட்டு கொடுத்தோம்.

சார்ஜெண்ட்டாக வெளியே வந்தேன். ஊரில் என்னைப் பைலட் என்றே நினைத்திருந்தார்கள். நான் விமானம் ஓட்டியதில்லை என்று சொன்னபோது ஒரு பெரியப்பா, "அப்ப இத்தனை வருசம் அங்கிட்டு என்னதான்டா செஞ்ச?" என்று கேட்டார்.

சான்றிதழ்களை ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, விமானப் பராமரிப்பு செய்யும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு என் அக்கா மகன் வயசு இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். ஃபைலை முழுக்கப் புரட்டிவிட்டு, "சார், லைசென்ஸ் எந்தக் கேட்டகரி?" என்றான். இல்லை என்றேன். "அப்ப டெக்னீசியனா எடுத்துக்கலாம். மாசம் 18." பதினெட்டாயிரம். என் பென்ஷனைவிடக் கொஞ்சம் குறைவு.

விஷயம் இதுதான் தம்பி. நம் நாட்டில் பயணிகள் விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட, சிவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) லைசென்ஸ் வேண்டும். சிஏஆர்-66 என்ற விதிப்படி தருகிறார்கள். டர்பைன் என்ஜின் விமானத்தின் என்ஜினும் உடலும் என்றால் பி1.1, ஹெலிகாப்டர் என்றால் பி1.3, ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின், மின்னணுக் கருவிகள் என்றால் பி2. ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் மாட்யூலாகப் பரீட்சை, 75 மார்க் எடுத்தால்தான் பாஸ். படை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது மட்டும் போதாது, சிவில் விமானத்திலும் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்புறம் லைசென்ஸ் வந்தாலும், ஏர்பஸ் ஏ320, ஏடிஆர் என்று எந்த ரக விமானத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்களோ அதற்கு டைப் ரேட்டிங் தனியாக வேண்டும். இதெல்லாம் எனக்கு 39 வயதில், அந்த இன்டர்வியூ அறையில்தான் முழுசாகத் தெரிந்தது. சர்வீஸின் கடைசி வருடத்தில், வெளியே போய் வேலை தேட உதவும் ரிசெட்டில்மென்ட் கோர்ஸ் ஒன்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சுலபமாக இருக்கும் என்று செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் எடுத்தவன் நான். யாரையும் குறை சொல்ல முடியாது.

18 ஆயிரத்துக்கே சேர்ந்தேன், வெளியூரில். இரண்டாவது வாரம் ஒரு ஏ320-க்குச் சக்கரம் மாற்றும் வேலை. முந்தின நாள் இன்னொருவரோடு சேர்ந்து அதே வேலையைச் செய்திருந்தேன். ஆக்ஸில் நட்டை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் அதிக டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, தளர்த்தி, மறுபடி குறைந்த டார்க்கில் இறுக்க வேண்டும். கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. லைசென்ஸ் வைத்திருந்த இன்ஜினியர் வந்து பின்னால் நின்றார். வயது 27. "அண்ணா, மேனுவல் எந்தப் பக்கம் திறந்திருக்கு?" என்றார். "தெரியும் சார், நேத்துதான் செஞ்சேன்" என்றேன். "தெரியறது வேற, பாத்துச் செய்யறது வேற. கழட்டிட்டு முதல்லேர்ந்து செய்யுங்க." அப்புறம் டார்க் ரென்ச்சை வாங்கி, அதில் ஒட்டியிருந்த காலிப்ரேஷன் தேதியை, அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்த தேதியைப் பார்த்தார். நான் அதைப் பார்க்கவே இல்லை.

என்னிடம் ட்ரெய்னிங் எடுத்த பையன்கள் இன்று கார்ப்பரல், சார்ஜெண்ட். அத்தனை பேர் முகமும் அந்த நிமிடம் எதிரில் வந்தது. விமானப்படையில் மேனுவல் இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் கையெழுத்து இல்லாமல் எந்த விமானமும் நகராது. ஆனால் ஒரே ரக விமானத்தோடு பத்துப் பன்னிரண்டு வருடம் கிடந்தவனுக்குப் புத்தகம் மனசுக்குள் போய்விடும். சிவிலில் அது மனசுக்குள் போகவே கூடாது. நாளைக்கே அந்த டார்க் அளவைத் திருத்திப் புதிய பக்கம் வந்துவிடும் என்பதுதான் காரணம். இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று இரவு ரூமில் சாப்பிடவில்லை.

பரீட்சைக்கு வருவோம். ப்ரொப்பெல்லர் மாட்யூல் 17, முதல் தடவையே பாஸ். காஸ் டர்பைன் மாட்யூல் 15-உம் அப்படித்தான். என்னை மண்ணைக் கவ்வ வைத்தது மாட்யூல் 10, அதாவது விமானச் சட்டம். இரண்டு தடவை ஃபெயில். எந்த விதி, எந்தப் பிரிவு, யார் யாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வக்கீலுக்குப் படிக்கிற மாதிரி இருக்கும். ஒன்று கவனியுங்கள்: நான் படித்த காலத்தில் 1934-ஆம் வருட விமானச் சட்டம். இப்போது அதற்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் 2024 வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சீனியர் யாராவது பழைய நோட்ஸ் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள்.

2020 மார்ச்சில் விமானங்கள் எல்லாம் நின்றன. காண்ட்ராக்ட் டெக்னீசியன்களுக்கு முதலில் வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து உள்நாட்டு விமானங்கள் பறக்க ஆரம்பித்தபோதும் எங்களைக் கூப்பிடவில்லை. மிச்ச மாட்யூல்களை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் படித்தேன். லைசென்ஸ் கைக்கு வரும்போது எனக்கு 45 வயது. இப்போது சென்னையில் ஏடிஆர் விமானத்தில் இரவு ஷிப்ட். அதுவும் ப்ரொப்பெல்லர் விமானம்தான் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாண்டியனில் ஏறி மதுரை வந்து போகிறேன். "ஏர்போர்ட் பக்கத்துல வேலை" என்று அப்பா சொன்னது ஒரு விதத்தில் பலித்துவிட்டது, ஏர்போர்ட்தான் வேறு.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊரில் முன்னாள் படைவீரன் என்றால் ஜனங்களுக்கு இரண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, ஏடிஎம் வாசலில் துப்பாக்கியோடு உட்காருபவன். இரண்டு, கேன்டீன் சரக்கு. நான் வந்து இறங்கிய வாரமே மச்சான் ஒருவர், "மாப்ள, உங்க கோட்டால மாசம் ரெண்டு நமக்கு ஒதுக்கிரு" என்றார். காது குத்தா, கிடா வெட்டா, கல்யாணமா, பத்திரிகை வைக்க வருபவர்கள் மொய்யைப் பற்றிப் பேசுவதில்லை, பாட்டிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இல்லை என்றால், "பட்டாளத்துக்காரன் கஞ்சன்" என்று பேர். நான் குடிப்பதில்லை என்று சொன்னால், அப்படியானால் முழு கோட்டாவும் மிச்சம் இருக்குமே என்று சந்தோஷப்படுகிறார்கள். அருணாசல மலையில் அத்தனை வருடம் அரிசி போனதை ஒருவரும் கேட்டதில்லை.

சரி, என் பேட்ச்மேட் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். அவன் விமானம் பக்கமே திரும்பவில்லை. 15 வருடம் சர்வீஸ் முடித்த படைவீரரைச் சில மத்திய அரசு வேலைகளுக்கு டிகிரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். பொதுத்துறை வங்கி கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வயது கணக்கிடும்போது சர்வீஸ் வருடங்களைக் கழித்துவிடுவார்கள். பரீட்சை எழுதினான், இன்று மேலூர்ப் பக்கம் ஒரு கிளையில் கேஷ் கவுன்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பான். பென்ஷனும் சம்பளமும். அவன்தான் புத்திசாலி என்று என் மனைவி சொல்வாள். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் ஊரில் சந்திக்கும்போதெல்லாம் அவன் கேட்கிற முதல் கேள்வி, "என்ஜின் சத்தம் கேட்டுட்டு இருக்கியா?" என்பதுதான்.

2022-க்கு அப்புறம் அக்னிவீர் வாயுவாகச் சேர்ந்த தம்பிகள் இதைப் படித்தால், என் கணக்கை உங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு வருடத்தில் வெளியே வருகிறவருக்குப் பென்ஷன் கிடையாது. 18 ஆயிரத்துக்கு நான் துணிந்து போனதே பென்ஷன் பின்னால் இருந்ததால்தான். பைலட்டாக இருந்தவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தாது, அவர்கள் பாதையே வேறு.

கேட்டவருக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. உங்கள் ட்ரேடு என்ன என்று சொல்லவில்லை. என்ஜின், ஏர்ஃபிரேம் என்றால் பி1, எலக்ட்ரிக்கல், ரேடியோ, ரேடார் என்றால் பி2 புத்தகங்களை இன்றைக்கே வாங்குங்கள். மாட்யூல் 10-ஐ முதலில் எடுங்கள், கடைசிக்கு வைக்காதீர்கள். அதைவிட அவசரம் ஒன்று: எந்த விமானத்தில், எந்தத் தேதியிலிருந்து எது வரை, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று எழுத்தில் எடுத்து, உங்கள் இன்ஜினியரிங் ஆபீசரிடம் சீல் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். யூனிட்டில் இருக்கும்போதே வாங்குங்கள். நான் வாங்காமல் வந்தேன். இரண்டு வருடம் கழித்துத் தேவைப்பட்டபோது, எனக்கு ஆபீசராக இருந்தவர் ஆக்ராவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நல்ல மனுஷன், போனில் பேசியதும் வரச் சொன்னார், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். திரும்பும்போது டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது, நாக்பூர் வரை கதவோரத்தில் உட்கார்ந்துதான் வந்தேன்.